ஒரு சாண் தூரம்

உதிரிப்பழம் பொறுக்குகிற வலது கை
இரண்டு மாதமாகத் தோளுக்கு மேல் எழவில்லை.
சீப்பு தலைக்குப் போகாததால்
தலைதான் சீப்புக்குக் குனிகிறது.

அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.
சுங்கை மெராந்தி அரசாங்கக் கிளினிக்,
காலை எட்டிலிருந்து பத்துக்குள் அழைக்கவும்.
எட்டு மணிக்கு நான் பதினேழாம் நெரையில்
செம்பனைக்கு அடியில் மண்டியிட்டிருப்பேன்.
சிக்னல் கிடைப்பது எடைமேடைக்குப் பக்கத்தில்,
அதுவும் லாரி நிற்காத நேரத்தில்.
அடிப்பேன். மணி போகும். போய்க்கொண்டே இருக்கும்.
ஒரு நாள் நாற்பத்திரண்டு வரை எண்ணினேன்,
சாக்கு எண்ணிப் பழகிய புத்தி.

தனியார் டாக்டருக்கு எண்பது வெள்ளி,
ஊசி போட்டால் நூற்றிருபது.
ஒரு முறை போட்டுக்கொண்டேன்.
வலி ஒன்பது நாள் வெளியூர் போய்
பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது.

ஜொகூரிலிருந்து வந்த மகன் திவாகரன்
கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தான்.
திறந்தால் எல்லாத் தேதியும் சாம்பல் நிறம்.
தொட்டாலும் அசையாத தேதிகள்,
என் தோள் போலவே.

நேற்று மண்டோரிடம் அரை நாள் கேட்டேன்.
'எம்.சி. இல்லாட்டி அரை நாளும் முழு நாள்தான்க்கா.'
எம்.சி.க்கு டாக்டர் வேண்டும்,
டாக்டரைப் பார்க்க நாள் வேண்டும்,
நாள் கேட்கவே ஒரு நாள் வேண்டும்.

இன்று ஐந்தரைக்கே வந்துவிட்டேன்.
எனக்கு முன்னால் பதினோரு ஜோடிச் செருப்பு,
ஒரு தண்ணீர் போத்தல், ஒரு ஹெல்மெட்.
ஆட்களோ எதிரே ஒட்டுக்கடையில், தே தாரேயோடு.
என் செருப்பையும் கழற்றி வரிசையில் விட்டேன்.
ரப்பர் செருப்பு. நின்று பழகியது.

ஏழரைக்குக் கதவு.
ஒன்பதே முக்காலுக்குக் கவுண்டர்.
சட்டையில் ரொஸ்னானி என்று பெயர்.
மலாயில் சொன்னாள், கனிவாகத்தான்:
'அவசரம் இல்லாததற்கு இங்கே பதிவு கிடையாது, கக்.
போன் பண்ணித்தான் நாள் எடுக்கணும்.'

மேசை மேல் அந்தப் போன்.
வெள்ளையாக இருந்து மஞ்சள் ஏறியது.
கடிதத்துக்குப் பதில் போடாத சொந்தக்காரரைக்
கல்யாண வீட்டில் பிடித்த மாதிரி இருந்தது எனக்கு.

மணி ஒன்பது ஐம்பத்தொன்று.
நகராமல் நின்று
இடது கையால் அடித்தேன்.

மணியடித்தது.
என் காதில் ஒன்று,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அரை நொடி முந்தி, ஒன்று.
பின்னால் யாரோ சிரித்தார்கள்.
ரொஸ்னானி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
பதினெட்டாவது மணியில் எடுத்தாள்.

'ஹலோ, கிளினிக், செலாமாட் பாகி.'
'செலாமாட் பாகி. டாக்டரைப் பார்க்கணும்.'
'பெயர்?'
'தெய்வநாயகி. சின்னப்பன் மகள்.'
அடையாள அட்டை நம்பர் கேட்டாள்.
அட்டையைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன்.
போனைக் காதிலிருந்து எடுக்காமலே எழுதிக்கொண்டாள்.

'நவம்பர் இருபத்தாறு இருக்கிறது.'

இது ஆகஸ்டு.
நான் பேசவில்லை.
பேசாததும் அவளுக்கு இரண்டு முறை கேட்டிருக்கும்,
போனில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை.
தாளைப் புரட்டினாள்.

'இன்று பதினொன்று இருபதுக்கு ஒருவர் வரவில்லையாம்.
அதற்குள் வந்து சேர முடியுமா?
எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள்?'

'ஒரு சாண்' என்றேன், தமிழில்.
பிறகு மலாயில், 'பார்க்கிறேன், முயற்சி செய்கிறேன்.'
அவள் உதடு லேசாகக் கோணியது.
வைத்துவிட்டாள்.

நீல நாற்காலி கிடைத்தது.
சுவரோரம் தோளைச் சாய்த்தேன், சில்லென்று இருந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டு.
மறுபடியும் அடிக்கிறது அந்தப் போன்.
எந்த எடைமேடைப் பக்கத்திலோ
யாரோ ஒரு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள்.
ரொஸ்னானி ஒரு தாத்தாவின் மருந்து அட்டையோடு
உள்ளே போய்விட்டாள்.

நான் எண்ணத் தொடங்கி
ஒன்பதில் நிறுத்திக்கொண்டேன்.
இன்னும் எண்ணினால்
இடது கை எழுந்துவிடும்.