முனை

பிர்னோவில் இன்னும் பனி விழவில்லை.
ஜன்னல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன்,
வெறும் ஈரம்.

அப்படியானால் உருளைதான்.
கருங்கல் பாவிய எங்கள் சந்தில்
மெல்லிய முனை இடுக்குக்கு இடுக்கு நின்று
கைப்பிடியால் வயிற்றில் இடிக்கும்.
உருளை உருண்டு போய்விடும்.
ஆனால் கொஞ்சம் மந்தம் அது:
டிராம் தண்டவாளத்தையும் சாக்கடை மூடியையும்
ஒரே குரலில் சொல்லும்.

பழைய நைலான் ஒரு பக்கமாய்த் தேய்ந்திருக்கிறது.
"எப்போதும் இடதுபுறமே ஒதுங்குகிறீர்கள்"
என்றாள் கடைக்காரி, தடவிப் பார்த்துவிட்டு.
யாருக்காக ஒதுங்கினேன் என்று கேட்கவில்லை.

இரும்பு முனை சுவரைப் பேசவைக்கும்.
கதவு திறந்திருக்கிறதா, லாரி நிற்கிறதா,
எதிரொலியில் வந்துவிடும்.
அலுவலகத்தில்தான் முணுமுணுப்பு:
"வ்லாஸ்தா, தலை வலிக்கிறது."

இன்று பத்து மணிக்கு நீதிமன்றம்.
நீளமான பளிங்குத் தாழ்வாரம்.
பளிங்குக்கு நைலான் போதும்,
சத்தமே வராமல் வழுக்கிப் போகலாம்.
பெஞ்சில் ராதிம் உட்கார்ந்திருப்பான்,
பன்னிரண்டு வருஷம்
"மெதுவாகத் தட்டேன், எல்லோரும் பார்க்கிறார்கள்"
என்றவன்.

உருளையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.
இரும்பு, கோட்டுப் பையில்.
படியேறியதும் மாற்றிக்கொள்வேன்.