எடை மேடை

லாரி ஏறும், எண் ஒளிரும், நான் எழுதுவேன்.
இவ்வளவுதான் என் வேலை.
எடை மேடைக்குக் கண் கிடையாது.
பிர்ச் மரமா பைன் மரமா, அதற்குக் கவலையில்லை.
முப்பத்தெட்டு டன் என்றால் முப்பத்தெட்டு டன்.
பதினோரு வருஷமாய் அதன் சொல்லை நம்புகிறேன்.

குளிர்காலத்தில் கட்டைகளோடு பனியும் ஏறி வரும்.
அதற்குக் கழிவு உண்டு, விதி இருக்கிறது.
துடைப்பத்தோடு வெளியே போய்த்
தட்டிவிட்டு மறுபடி நிறுப்பேன்.
விரல் மரத்துப்போகும்.
இந்த எஸ்டோனியாவில்
பனிக்குக்கூடக் கள்ளக் கணக்கு எழுத முடியாது.

அப்புறம் அரைப்பார்கள், உலர்த்துவார்கள்,
கோழித் தீவனம்போல் சின்னச் சின்ன உருளைகள்.
பார்னு துறைமுகத்தில் கப்பல்.
இங்கிலாந்தில் ஒரு பெரிய உலை,
முன்பு நிலக்கரி தின்றது,
இப்போது இதைத் தின்கிறது.
புகைபோக்கியின் கணக்கில் எழுதியிருப்பது:
சுழியம்.

மரம் வெட்டிய நாடு எழுதிக்கொள்ளுமாம்,
அதனால் எரித்த நாடு எழுத வேண்டாமாம்.
வெட்டிய நாட்டைக் கேட்டால்
நட்டுவிட்டோமே என்கிறது.
நட்டதைப் பார்த்தேன்.
என் பூட்ஸ் உயரம்.
எண்பது வருஷக் கடனுக்கு
அந்தக் குச்சிதான் ஜாமீன்.

என் தங்கை மகன் ரைவோ அந்தப் பக்கம்தான் இருக்கிறான்.
"எங்கள் வீட்டில் பச்சை மின்சாரம், சித்தி" என்று எழுதினான்,
ஒரு இலைப் படமும் போட்டு.
அவனிடம் என்ன சொல்ல?
உன் விளக்கை நான்தான் நிறுத்து அனுப்பினேன் என்றா?

தப்பாக நினைக்காதீர்கள்.
என் அப்பா நர்வாவில் எண்ணெய்ப் பாறை எரித்தவர்.
அந்தச் சாம்பல் மலைகளை நான் அறிவேன்,
அவருடைய இருமலையும் அறிவேன்.
அது திரும்பி வரட்டும் என்று சொல்ல மாட்டேன்.
என் வீட்டுக் கொதிகலனும் இதே உருளையைத்தான் தின்கிறது,
பாதி விலை அரசு மானியம்,
வாங்கிக்கொண்டேன்.

தாலினிலிருந்து தணிக்கைக்கு ஒருத்தி வந்தாள், கிர்சிகா.
நல்ல பெண். தன் கோப்பையைத் தானே கொண்டுவந்திருந்தாள்,
என் காகிதக் கோப்பையைத் தொடவில்லை.
"இங்கே வருவது வெறும் கழிவு,
கிளை, தூள், பட்டை" என்று படித்தாள்.
ஜன்னலைக் காட்டினேன்.
கட்டிப்பிடித்தால் கை எட்டாத அடிமரங்கள்,
நேராக, ஊசிபோல்.
"தரம் குறைந்தவை" என்றாள்.
யார் பார்த்த தரம் என்று கேட்டேன்.
எதையோ குறித்துக்கொண்டாள்.
என் பெயராக இருக்கலாம்.

பதினேழாம் காட்டில் கருநாரை கூடு வைத்திருந்தது.
வரைபடத்தில் அதைச் சுற்றி ஒரு வட்டம்,
உள்ளே யாரும் ரம்பம் வைக்கக் கூடாது.
வட்டத்துக்கு வெளியே வெட்டினார்கள்,
கோடு தாண்டாமல், ஒழுங்காக.
சில வருஷமாய் நாரை வரவில்லை.
நாரை வராததால் வட்டம் தேவையில்லை என்றார்கள்.
இப்போது அந்த நடு மரமும்
என் மேடை ஏறிவிட்டது.
பூமியைக் காக்கிறோம் என்று அறிவித்த வருஷம் அது,
அலுவலகத்தில் கேக் வெட்டினோம்.

இன்று காலை ஹெல்டுர் ஓட்டி வந்த சுமையில்
ஒரு மரத்தில் ஆணியடித்த பறவைப் பெட்டி.
பள்ளிப் பிள்ளைகள் மாட்டியது.
நீல வண்ணத்தில் 46 என்று எழுதியிருந்தது,
ஆறு மட்டும் கோணல்.
பனிக் கழிவு விதியைப் புரட்டினேன்.
மண் இருக்கிறது, கல் இருக்கிறது, ஐஸ் இருக்கிறது.
பெட்டி இல்லை.

"கழிக்கணுமா ஹெல்டுர்?" என்றேன்.
அவன் இன்ஜினை அணைக்கவேயில்லை.
"அதுவும் மரம்தானே, ஊர்வே.
எழுது."