ஆளணி

கராம்பின் பொலிஸ் நிலையத்தில்
எத்தனை பேர் வேலை என்று
மெல்பேர்னைக் கேட்டால்
நான்கு என்று சொல்லும்.
என்னைக் கேளுங்கள்.
செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணிக்கு
அங்கே தூசி துடைப்பவன் நான்.

முதல் மேசைக்காரர் மன அழுத்தம் என்று போய்
பத்து மாதம்.
அவருடைய கலண்டரில் இன்னும்
போன வருடத்து ஆவணி.
இரண்டாவதை மில்டூரா
இரண்டு கிழமைக்கென்று இரவல் வாங்கியது,
திருப்பித் தரவில்லை.
மூன்றாவதுக்கு ஆளே வரவில்லை.
கதிரைக்குப் போட்டு வந்த பொலித்தீன் உறை
இன்னும் கிழிபடவில்லை.
நான்காவதில் மட்டும்
கோப்பையடியின் கோப்பி வளையங்கள்
ஒன்றின்மேல் ஒன்றாக.
எவ்வளவு தேய்த்தாலும் போகாது.
கெரின் டூலியின் மேசை.

அந்த வெள்ளி
டூலி நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி
கங்காருவுக்கு விலத்திப் புரண்ட லொறியோடு.
நான் கழிவறைக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.
பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னே
கதவு தட்டுப்பட்டது.

வெளிச்சுவரில் ஒரு தொலைபேசி இருக்கிறது.
எடுத்தால் எங்கோ ஒரு நகரத்தில் மணியடிக்கும்.
எடுத்திருக்கிறாள்.
கார் வரும், ஒன்றரை மணித்தியாலம் ஆகும்,
பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள்
என்றதாம் ஒரு குரல்.
கோதுமைச் சைலோவின் இருட்டைத் தாண்டி
வெறுங்காலோடு ஓடி வந்தவள்
இதைவிட்டால் வேறெங்கே நிற்பாள்?
யன்னலில் வெளிச்சம் தெரிந்தது என்றாள்.

அது என் வெளிச்சம்.

ஒப்பந்தத்தில் ஆறாம் பந்தி:
அலுவலர் இல்லாத நேரம்
எவரையும் உள்ளே விடலாகாது.
ஆங்கிலத்தில் நான் முழுதாக வாசித்த
ஒரே பத்திரம் அது.

திறந்தேன்.
என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.
'பொலிஸ் எங்கே?'
ஓர் ஆம்பிளையோடு பூட்டிய அறைக்குள் நிற்க
அந்த இரவு அவளால் ஏலாது என்பது
கால்விரல்கள் மடங்கிய விதத்தில் தெரிந்தது.
திறப்பைக் கையில் கொடுத்தேன்.
உள்ளே நின்று பூட்டச் சொன்னேன்.
நான் வெளியே, படியில், மொப்போடு.

இருபத்தாறு வயது வரைக்கும்
சீருடையைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போனவன் நான்.
எங்கள் பக்கம் சந்திக்குச் சந்தி நின்றார்கள்.
ஒருவர்கூடக் குறையவில்லை.
ஆளணி நிரம்பி வழிந்தது.
இங்கே, ஒற்றை மதுச்சாலையும் மூடிய தெருவில்,
நீலமும் சிவப்புமாய் ஏதும் வருகிறதா என்று
கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறேன்.
சிரிப்பு வந்தது. குளிர்ந்தது.

பதினொன்றே கால்.
வந்தது ஒரு யூட்,
நடந்து போகிறவனின் வேகத்தில்.
பகலில் பாதாம் ஆலைக்கு உடுக்கிற
மஞ்சள் மேலங்கியைத்தான் போட்டிருந்தேன்.
முன்விளக்குப் பட்டு
நெஞ்சிலிருந்த வெள்ளிப் பட்டிகள் பளீரென்றன.
எழுந்தேன்.
மொப்புத் தடியை ஏன் அப்படிப் பிடித்தேனோ
எனக்கே தெரியாது.
யூட் நின்றது.
என்ன நினைத்தானோ,
பின்னுக்கு எடுத்துத் திருப்பிக்கொண்டு போனான்.
அதற்குப் பிறகுதான்
என் முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

டூலி வந்தபோது ஒன்று இருபது.
காற்சட்டையெல்லாம் டீசல்.
ஷெல்பி, நான் கெரின், கதவைத் திற என்று
மூன்று தரம் சொன்ன பிறகே
திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது.
மகளிர் காப்பகமும் மில்டூராவில்தான்.
அவளை ஏற்றிக்கொண்டு போகும் முன்
மூன்றாம் மேசைக்கு ஆள் தேடுகிறோம்,
நீரும் ஒரு விண்ணப்பம் போடுமன் என்றார் டூலி,
பகிடியாகத்தான்.
இருவரும் போனார்கள். ஊரில் மறுபடி
பொலிஸ் இல்லை.

வேலைநேரப் படிவத்தில்
இரண்டு மணித்தியாலம் என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை
மூன்றாவது கதிரையைத் துடைக்கப் போனால்
பொலித்தீன் உறையின் இரண்டு கைப்பிடியிலும்
நகம் இறங்கிய கிழிசல்கள்,
பக்கத்துக்கு நான்கு.
உரித்து எறிந்துவிடலாம் என்று கையை வைத்தேன்.
வைத்த கையை எடுத்துக்கொண்டு
நான்காவது மேசைக்குப் போய்
கோப்பி வளையங்களைத் தேய்த்தேன்.