மூன்று மீட்டர்

மதில் வரையத்தான் எனக்குச் சம்பளம்.
பர்க்காவில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே
ஒரு குளிர்கிடங்கு. நாலாபுறமும் நேர்கோடு.
செயற்கைக்கோள் படத்தில்
மனையின் குறுக்கே வெளிறிய கீறல் ஒன்று கிடந்தது.
தூசியென்று திரையைத் துடைத்தேன்.
போகவில்லை.

மறுநாள் இருட்டோடு போய் நின்றேன்.
நாலு பத்துக்கு முதல் டார்ச்.
பிறகு ஒருவர் பின் ஒருவராக
சாப்பாட்டு வாளி, கையில் செருப்பு,
போனில் யாரோடோ சண்டை.
காயல்பட்டினத்து முகைதீன், நாசரேத் பால்துரை,
பெயர் கேட்குமுன் கடந்துவிட்ட பெங்காலிகள்.
ஐந்தரைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
கூடவே
போர்வை போர்த்திய பத்தொன்பது ஒட்டகங்கள்,
பந்தயத் திடலுக்கு,
யாருக்கும் வழிவிடாமல்.

"வழியா? எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?"
மனைக்காரர் ஹிலால் நல்ல மனிதர்தான்.
பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டார்:
"சாலையைச் சுற்றிப் போனால் என்ன?"
சுற்றினால் இரண்டே முக்கால் கிலோமீட்டர்.
நடைபாதை கிடையாது. லாரிகள் உண்டு.

பேரம் எனக்கு வராது.
மீன்கடையில்கூடச் சொன்ன விலைக்கே வாங்கி
வீட்டில் பேச்சு வாங்குகிற ஆள்.
இரண்டு மீட்டர் கேட்டேன்.
ஒன்று என்றார்.
"ஒரு ஆள் போக அது போதாதா?"
எதிரே ஒருவன் வந்தால்?
"ஒருவன் ஒதுங்கட்டும்."
ஒதுங்கி ஒதுங்கித்தானே இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தோம்.
வாய்வரை வந்ததைப்
பழத்தோடு சேர்த்து விழுங்கினேன்.
கொட்டை மட்டும் கையில்.

நகராட்சியில் நாசர் அல் பலூஷி
என் கணக்குத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இவர்களில் யாராவது மனு போடுவார்களா?"
இவர்கள் பெயரில் இந்த ஊரில்
ஒரு தண்ணீர் ரசீதுகூட இல்லை, ஐயா.
இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டி இறங்கிய விரல்
பத்தொன்பதில் நின்றது.
"ஒட்டகங்கள் யாருடையவை?"

மூன்றாவது கூட்டத்துக்கு சாலிம் பின் ராஷித் வந்தார்.
கையில் மெல்லிய கம்பு.
வரைபடத்தைப் பார்க்கவேயில்லை.
"எதிரெதிரே இரண்டு ஒட்டகம் வந்தால்
எது ஒதுங்கும்?"
அறையில் யாருக்கும் தெரியவில்லை.
"மூன்று மீட்டர்."
காப்பி ஆறுமுன் முடிந்துவிட்டது,
நான் ஆறு வாரம் நடையாய் நடந்த காரியம்.

அந்தச் சூட்டிலேயே மற்றதையும் கேட்டுப் பார்த்தேன்.
விளக்கு? ஒட்டகம் மிரளும்.
ஜல்லி கொட்டி இறுக்கலாமா? பாதத்துக்கு ஆகாது.
இரவில் கேட்டைப் பூட்டாமல் விடலாமா?
சாலிம் ஹிலாலைப் பார்த்தார்,
ஹிலால் விசிறியைப் பார்த்தார்.
கேட் உண்டு, பூட்டு இல்லை என்று எழுதிக்கொண்டோம்.
எழுதியதை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன்.
அந்த ஒன்றில் மட்டும் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம்.

வரைபடத்தில் அதற்குப் பெயர் ஒட்டகப் பாதை.
கோடுபோட்ட அந்த மூன்று மீட்டரில்
மனிதன் என்ற சொல் எங்கேயும் இல்லை.
நான்தான் தட்டச்சு செய்தேன்.
சேர்க்க இடம் இருந்தது.
சேர்த்தால் மறுபடி யாராவது கேள்வி கேட்பார்கள் என்று
சேமித்து மூடினேன்.

மதில் எழும்பிவிட்டது. தெற்கு மூலையில் ஒரு வளைவு.
போன வாரம் பால்துரையோடு அந்த வழியே நடந்தேன்.
"எந்த மடையன் வரைஞ்சான் இதை?
முன்னெல்லாம் நேரா போவோம்.
இப்ப நாப்பது அடி கூட."
பஸ் போய்விடும் என்ற அவசரம் அவருக்கு.
எந்த மடையன் என்று நான் சொல்லவில்லை.
எதிரே ஒட்டகம் வந்தது.
ஒதுங்க இடமிருந்தது.
மணலில் நின்றபடியே
இன்னும் திட்டிக்கொண்டிருந்தார்.