கூட்ரோட்டுத் தூங்குமூஞ்சி

ஆறு மணி நெருங்க நெருங்க
இரண்டிரண்டாக இலை சேர்க்கும்,
கடை சாத்துகிறவன் பலகை அடுக்குவது போல.
ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ்.
நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரம்
ராயக்கோட்டைக் கூட்ரோட்டில்
கழுத்தில் அட்டை தொங்கப்
பதினொரு பேர் அதன் அடியில் நிற்போம்.

தூங்குமூஞ்சி மரம்.
எட்டாம் வகுப்பில் எனக்கும் அதே பெயர்தான்.
இப்போது என் வேலை
விடிய விடியக் கண் விழித்து
லென்சுக்குக் கீழே
எறும்புக் கால் அளவு ஈயப் பற்றைப் பார்ப்பது.
சரி. சரி. சரி. தள்ளு. சரி.
மரத்திடம் ஒருமுறை சொல்லிக் காட்டியிருக்கிறேன்.

மாசியில் நெற்று உதிரும்.
டயர் ஏறி நசுங்கிப்
பாகு வாசனையோடு செருப்பில் ஒட்டும்.
மிச்சத்தை வேடியப்பன் சாக்கில் அள்ளிக்கொண்டு போவார்,
ஆடுகள் பின்னாலேயே ஓடும்.
சித்திரையில் பவுடர் பஞ்சு மாதிரி ரோஸ் பூ.
நாகவேணி தலையில் ஒன்று விழுந்தால்
ஓசூர் வரை தட்டிவிட மாட்டாள்.
கேட்டில் எடுத்துவிடுவார்கள்.
உள்ளே பூவுக்கு அனுமதி இல்லை.

போன ஐப்பசியில்
தக்காளி மண்டித் திருப்பத்து இருட்டில்
சிவலிங்கியின் செயினை அறுத்துக்கொண்டு போனது ஒரு பைக்.
கழுத்தில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.
மனு எழுதியது நான்.
பத்துக் கையெழுத்து தமிழில், ஒன்று தெலுங்கில்.
பங்குனிக்குள் கம்பம் நட்டார்கள்,
உச்சியில் ஆறு விளக்கு.
கீழே விழுந்த ஊக்கைக்கூடத் தேடி எடுக்கலாம்.
கைதட்டினோம்.
லைன்மேனுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு வாரம் போயிருக்கும்.
மிஷின் நின்றுபோய்
ராத்திரி இரண்டு மணிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
இறங்கி, சும்மாதான், அண்ணாந்து பார்த்தேன்.
மேற்குப் பக்கம் மூடியிருந்தது.
கம்பத்துப் பக்கம்
அத்தனை இலையும் திறந்து கிடந்தது,
மத்தியானம் போல.
ஒரே அடிமரம்.
பாதி தூங்குகிறது,
பாதி எதையோ பரிசோதித்துக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா பாக்கற?" என்றார் டிரைவர் நஞ்சுண்டன்.
"இதுக்கும் நைட் ஷிஃப்ட் போட்டுட்டாங்க."
அவர் கியரைத் தட்டிப் போய்விட்டார்.

அணைக்கச் சொல்லி இன்னொரு மனு
எனக்கு எழுதத் தெரியும்.
பஸ்ஸில் முன் சீட்டில்
சிவலிங்கியின் கழுத்து.
பேனா நகரவில்லை.
ஒரே ஒரு விளக்கையாவது ரோட்டுப் பக்கம் திருப்ப முடியுமா என்று
லைன்மேனைக் கேட்டேன்.
"மரம் வந்து சொல்லிச்சா?" என்றார்.
சிரித்தேன். அவரும் சிரித்தார்.
நாங்கள் வாங்கிக் கொடுத்த டீயின் மரியாதைக்குச்
சிரித்திருப்பார்.

பகலில் தூங்குவதற்காக
என் ஜன்னலுக்குக் கட்டிய கறுப்புத் துணியில்
இன்னும் இரண்டு கெஜம் மிச்சம் இருக்கிறது.
கம்பத்தின் உயரத்தை
நேற்று கண்ணாலேயே அளந்து பார்த்தேன்.
எட்டாது.