பதினொரு தட்டு

சுவருக்கு அந்தப்பக்கம் தட்டுகிறாள்.
படுத்தபடி எண்ணுகிறேன்.
ஏழு. ஒரு மூச்சு. அப்புறம் நான்கு.
கடைசியில் என்டர் மட்டும்
கதவைச் சாத்துகிற மாதிரி.

எங்கள் கல்யாணத்துக்கு அவள் வீட்டுச் சீரும்
பதினொரு தட்டுதான்.
எதில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் ஒப்பிப்பேன்.
ஆறாவதில் கல்கண்டு,
ஒன்பதாவதில் எனக்குப் பிடிக்காத அளவில் ஒரு சட்டை.

தானே புயலுக்கு மறுவருஷம்
மஞ்சக்குப்பத்தில் தவணைக்கு எடுத்த கம்ப்யூட்டர்.
துறைமுகக் காற்றில் திருகாணியெல்லாம் துருவேறிவிட்டது.
தம்பி ஞானவேல் படம் பார்ப்பான்,
மாடிவீட்டு ரோஸ்லினின் பிள்ளை ஹால்டிக்கெட் எடுக்கும்,
நான் சீட்டாடுவேன்.
தமயந்தி பத்திரம் அடிப்பாள்.
பக்கத்துக்கு இருபது ரூபாய்.
வடக்கே அய்யாக்கண்ணு மனை, தெற்கே பொதுவழி,
கிழக்கே வாய்க்கால்,
மேற்கே விற்பவர் தனக்கென நிறுத்திக்கொண்ட பாக்கி இடம்,
இதற்கு உட்பட்டது என்று
ஊரார் எல்லைகளை நடுராத்திரி வரைக்கும்.

போன ஆவணியில் ஒரு கிரயப் பத்திரம்,
பதினெட்டுப் பக்கம், காணாமல் போனது.
நான் தொடவே இல்லை என்றோம் மூன்று பேரும்
ஒரே குரலில்.
சண்டை போடவில்லை அவள். திரும்ப உட்கார்ந்து
பதினெட்டையும் அடித்தாள்.
விடிந்தபோது பூட்டு விழுந்திருந்தது.

டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவள்.
பின்னால் நின்று விரலைப் பார்த்து
எதையும் கண்டுபிடிக்க முடியாது.

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து
சட்டையில் கம்பெனி வாடையோடு வருவேன்.
அவள் கீழே குழாயடியில். ஆறு குடம்.
எனக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.
மகன் பேர், பிறந்த தேதியோடு: தவறு.
கல்யாண நாள்: தவறு.
பைக் நம்பர், பாடலீஸ்வரர், ரேஷன் கார்டு,
தவறு, தவறு, தவறு.
ஒருநாள் பஸ்ஸில் வரும்போது தோன்றியது:
நெல்லிக்குப்பம்! அவள் பிறந்த ஊர்.
இங்கிலீஷில் விரல்விட்டு எண்ணினேன்,
சரியாகப் பதினொன்று.
ஆலைச் சங்கே காதில் ஊதியது.
செருப்பைக்கூடக் கழற்றாமல் அடித்தேன்.
தவறு.

தமயந்தி என்று போட்டால் பத்துதான் வருகிறது.
ஒன்று குறைகிறது.
முன்னால் என் இனிஷியலைச் சேர்த்தேன்.
தவறு.
அவள் அப்பாவுடையதை.
தவறு.
படியில் குடம் வைக்கும் சத்தம். ஐந்தாவதா, ஆறாவதா?
எழுந்து போய்ப் பல் விளக்கினேன்.

'அப்படி உள்ள என்னதான் வச்சிருக்க?'
சாப்பிடும்போது, கேட்காததுபோல் கேட்டேன்.
'ஒண்ணுமில்ல.'
ரசத்தைக் கலக்கி ஊற்றிக்கொண்டே சொன்னாள்,
'அதை வைக்கவும் ஒரு இடம் வேணும்ல.'

என் போன் மூன்று வருஷமாக
ஒரு கோலம் இழுத்தால்தான் திறக்கும்.
என்ன கோலம் என்று
இதுவரை அவள் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் திரையில் இரண்டு வட்டம்.
ஒன்றில் அவள் பெயர், பூட்டோடு.
மற்றதில் பூட்டில்லை. அவளே தமிழில் அடித்திருந்தாள்:
விருந்தாளி.
தவணை முப்பத்தாறும் நான் கட்டியது.
தொட்டேன், திறந்தது.
சீட்டுக்கட்டு இருந்தது. ஒரு நீல மலை இருந்தது.
அணைத்துவிட்டால் நான் வைத்தது எதுவும்
அங்கே தங்காது என்று ஞானவேல் சொன்னான்.
பழகிவிட்டது.

நேற்று மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது.
அவள் மறுபடி திறப்பதைப்
படுத்தபடி எண்ணினேன்.
ஒன்பது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. ஐந்து.

மாற்றியிருக்கிறாள்.
எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது.