நான்கரை மீட்டரில்

கோல்பாஷி. ஏரிக்கரையிலிருந்து இருநூறு அடி.
கம்பியில் மூன்று சாக்கட்டிக் கோடுகள் போட்டுவிட்டு
ஹிக்மெத் கயிற்றை இழுக்கிறார்.
அறுபத்து மூன்றரைக் கிலோ இரும்பு
எழுபத்தாறு சென்டிமீட்டர் ஏறி
விழுகிறது.

முதல் கோடு மறையும்வரை விழும் அடிகள்
கணக்கில் சேராது.
துளையிட்டதில் கலங்கிய மண்
யார் பக்கமும் சாட்சி சொல்லும்.
அடுத்த இரண்டு கோடுகளுக்குத்தான்
என் பென்சில்.

நிலத்துக்காரர் ஷெவ்கெத்
கன்டெய்னர் வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்தவர்
திரும்பிப் போகாமல் என்னோடு எண்ணுகிறார்:
பிர், இக்கி, ஊச்...
ஒன்றரை மீட்டரில் ஒன்பது.
"கீழே போகப்போக ஏறுமா?"
மூன்றில் ஆறு.
சந்தையில் தன் ஆட்டுக்கு விலை இறங்குவதைப்
பார்த்து நிற்பவர்போல்
தொப்பியைக் கழற்றுகிறார்.

இதே இடத்தில் ஐந்து மாடி இருந்தது.
பிப்ரவரியில் அது இடியவில்லை.
ஒரு சன்னல் கண்ணாடிகூட உடையாமல்
கொஞ்சம் சாய்ந்து,
பாதித் தரைத்தளம்வரை மண்ணுக்குள் இறங்கி நின்றது.
ஷெவ்கெத்தும் மனைவியும்
முதல் மாடிப் பால்கனியிலிருந்து
ஏணியில்லாமல் தெருவில் குதித்தார்கள்.
நிலவறையில் கொதிகலன் பார்த்துக்கொண்டிருந்த வெய்செல்
படியேறி வரவில்லை.

அந்தக் கட்டடத்தின் பழைய மண் அறிக்கை
என் பையில் இருக்கிறது.
நான்கரை மீட்டர்: இருபத்திரண்டு அடி.
பக்கத்து மனைக்கும் இருபத்திரண்டு.
அதற்கடுத்த மனைக்கும்.
எழுத்துப்பிழைகூட ஒன்றுபோல்.

நான்கரை.
ஹிக்மெத் சுத்தியலைக் கம்பியின் தலையில் வைக்கிறார்.
தூக்கவில்லை. வைக்க மட்டும்தான் செய்தார்.
கம்பி இறங்குகிறது.
முதல் கோடு. இரண்டாவது.
மூன்றாவதும்,
தயிரில் கரண்டி போல.

"ஏன் அடிக்கவில்லை?"
ஷெவ்கெத்தின் முதல் விரல் மடங்கத் தயாராக நிற்கிறது.

குழாயைப் பிளந்து
சாம்பல்நிற மணலில் ஒரு பிடியை
அவர் உள்ளங்கையில் வைத்து,
மறுகையால் தட்டச் சொன்னேன்.
தட்டத் தட்ட மணல் வியர்த்தது, மினுங்கியது.
விரல்களை மூடி அழுத்தினார்.
தண்ணீரே அறியாததுபோல் மங்கிவிட்டது.
மறுபடி தட்டினார்.
மறுபடி மினுக்கம்.
"இது மேலதான் பதினோரு வருஷம் தூங்கினோம்" என்றார்.
கோபமில்லை குரலில்.
கூட்டத்தில் ஒரு முகத்தை
அடையாளம் கண்டுவிட்டவர் பேசுவது அப்படித்தான் இருக்கும்.

சுழியம் என்று எழுதுகிறேன்.
பேனாவில் எழுது என்கிறார்.
பேனாவில் எழுதுகிறேன்.
பக்கத்தில்: சுத்தியலின் எடையிலேயே இறங்கியது.

"இன்னும் போவீர்களா?"
இருபது மீட்டர்வரை.

கை கழுவவில்லை அவர்.
அந்தக் கையாலேயே ஆறிய தேநீரைக் குடிக்கிறார்.
அடுத்த கம்பியைத் திருகி முடித்த ஹிக்மெத்
சாக்கட்டியைத் தேடுகிறார், பெட்டியில், சட்டைப்பையில்,
என் தாள்களுக்கு அடியில்.
எப்போது எடுத்தாரோ,
அது ஷெவ்கெத்தின் காதில் செருகியிருக்கிறது.